இரண்டு மிதி

துறைமுகத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. பாதாளம் என்றால்தான் தெரியும். இழுவைப் படகின் அடித்தட்டில் இஞ்சின் ஓட்டுகிற டிரைவர் அவர். கடலிலிருந்து வரும் பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் கரையோரம் கொண்டுவந்து நிறுத்துகிற சின்னப் படகு அது. எறும்பு போய் யானையை நகர்த்துகிற வேலைதான்.

கல்யாணமான புதிதில் அவர் மனைவி ஆசையாகக் கேட்பாள். "இன்னைக்கு எந்தக் கப்பலைக் கொண்டாந்தீங்க? எவ்வளவு பெருசு?"

"யாருக்குத் தெரியும்? நான் எங்க பார்த்தேன்?" என்பார் அவர்.

அது உண்மைதான். அவர் வேலை செய்யும் இடத்துக்கு ஜன்னல் இல்லை. ஒரு விளக்கு, எண்ணெய் வாசம், இஞ்சின், அவர். கப்பலைக் கரையோரம் கயிற்றால் கட்டி முடித்த பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறி வந்தால், எதிரே இரும்புச் சுவர் ஒன்று வானம் வரைக்கும் நிற்கும். அதுதான் கப்பல் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

நம்புவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. இஞ்சினைக் கிளப்பும் முன் கண்ணை மூடி, "ஆண்டவனே, போனபடியே திரும்பி வரணும்" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் கைவைப்பார். மேலே இருப்பவரை நம்பித்தான் கீழே இருப்பவன் பிழைப்பு என்பார். படகின் முன்தட்டில் கயிறு வீசுகிற ஆள் ஒருவன் இருந்தான். அவன் ஒல்லிக்கும் அவன் வேலைக்கும் சேர்த்து எல்லாரும் அவனைக் கயிறு என்றே கூப்பிட்டார்கள். அவன் விடமாட்டான்.

"மேல இருக்கறவர்னு யாரண்ணே சொல்றீங்க? ஆண்டவனையா, மாஸ்டரையா?"

"ரெண்டு பேரையும்தான்டா. ஒருத்தர் கண்ணுக்குத் தெரியமாட்டார், இன்னொருத்தர் காதுக்குள்ள கத்துவார்."

மாஸ்டர் என்பவர் மேல்தட்டுக் கூண்டில் நின்று சுக்கான் பிடிப்பவர். பாதாளமும் அவரும் ஒரே படகில் வயதானவர்கள். ஒருவரையொருவர் வாய்யா போய்யா என்று பேசிக்கொண்டு, ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு, ஒரே பீடியைப் பங்கு போட்டவர்கள். அப்புறம் பாதாளத்தின் ஒரே மகளை மாஸ்டரின் மகனுக்குக் கட்டிவைத்தார்கள். அன்றிலிருந்து பிடித்தது சிக்கல். சம்பந்தியை யோவ் என்று கூப்பிட முடியுமா? வீட்டுப் பெண்கள் கண்டித்துவிட்டார்கள். கடைசியில் இருவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கரையில் இருந்தால், "வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி." படகில் கால் வைத்துவிட்டால், "யோவ், எங்கய்யா தொலைஞ்ச?" நடுவிலிருந்த பலகையில் நடக்கும்போது என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நடப்பார்கள். கயிறு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

இவர்களிடம் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. கதையே அதில்தான் இருக்கிறது.

மாஸ்டர் மேலே ஒரு கைப்பிடியைத் திருப்பினால் கீழே ஒரு முள் நகர்ந்து மணி அடிக்க வேண்டும். முன்னே போ, நில், பின்னே போ என்று முள் காட்டும். அதைப் பார்த்து டிரைவர் இஞ்சினை மாற்ற வேண்டும். இதுதான் சட்டம். ஆனால் ஒரு காலத்தில் அந்தக் கம்பி அடிக்கடி சிக்கிக்கொண்டது. கப்பல் முன்னால் வந்து நிற்கும்போது மணி வராவிட்டால் என்ன செய்வது? மாஸ்டர் பொறுமையில்லாமல் செருப்புக் குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தார். கூண்டின் தரைக்கு நேர் கீழே ஒரு இரும்புத் தூண் இஞ்சின் அறைக்குள் இறங்கியது. பாதாளத்தின் இடது கை எப்போதும் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கும். இஞ்சின் இரைச்சலில் காது கேட்காதது கைக்குக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து அதுவே பழக்கமாயிற்று. குதிகாலைத் தேய்த்தால் முன்னே. ஒரு மிதி என்றால் நில். இரண்டு மிதி என்றால் பின்னே.

பிற்பாடு கம்பியைச் சரி செய்து கொடுத்துவிட்டார்கள். மணியும் கணீரென்று அடித்தது. ஆனால் அதைத் தொட்டவர் இல்லை. மிதி இன்னும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. கையும் காலும் பேசிக்கொள்ளும்போது நடுவில் மணி எதற்கு என்று இரண்டு பேருக்கும் உள்ளூர ஒரு பெருமை. சம்பந்தி டான்ஸ் என்று கயிறு அதற்குப் பேர் வைத்தான்.

அந்தப் பழக்கம் பாதாளத்தை வீடு வரைக்கும் துரத்தியது. அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு மேல்வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்தால், சோற்றில் இருக்கும் அவர் கை நிற்கும். "முன்னே போகச் சொல்றாங்களா? சாப்பிட்டுட்டுப் போங்க" என்பாள் மனைவி.

எல்லாம் தலைகீழான அந்த நாளில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. பழி போட வானத்தில் ஒன்றுமே இல்லாத நாள். சரக்குக் கப்பல் ஒன்று மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. இழுவைப் படகு அதன் விலாவை நோக்கிப் போய், தொடுவதற்குச் சற்று முன்னால் இஞ்சினைப் பின்னுக்குப் போட்டு வேகத்தைக் கொன்று, குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோலத் தொட்டு, பிறகு தள்ள வேண்டும். எத்தனையோ முறை செய்ததுதான்.

தூணில் தேய்ப்பு வந்தது. பாதாளம் முன்னே போட்டார். படகு பாய்ந்தது. இனி இரண்டு மிதி வர வேண்டும். ஒரு கை தூணில், ஒரு கை கைப்பிடியில். வரவில்லை. இன்னும் தூரம் இருக்கிறதுபோல என்று நினைத்தார். அப்புறமும் வரவில்லை. தானாகப் பின்னுக்குப் போட்டுவிடலாமா? கண் தெரியாதவன் சொல்லாத திசையில் போனால் அதைவிடப் பெரிய வினை வந்து சேருமே. "மேல இருக்கறவருக்குத் தெரியாதா" என்று காத்துக்கொண்டிருந்தார்.

இடித்தது. இஞ்சின் அறையே ஒரு பக்கமாக எழும்பி விழுந்தது. விளக்கு அணைந்து எரிந்தது. திருகுசாவிகளும் எண்ணெய் டப்பாக்களும் அவர்மேல் வந்து கொட்டின. அதற்கப்புறம்தான், எல்லாம் முடிந்தபிறகு, வருடக்கணக்காக வாய் திறக்காத அந்த மணி தலைக்கு மேலே அடித்தது. பின்னே, பின்னே என்று முள் துடித்தது. இடியைவிட அந்த மணிச்சத்தம்தான் அவரை அதிகம் நடுங்க வைத்தது.

ஏணியில் ஏறி வந்தார். கப்பலின் விலாவில் ஒரு ஆள் படுக்கலாம் போலக் குழிவு. முன்தட்டில் கயிறு, வடம் கட்டுகிற இரும்புக் கட்டைக்கும் தடுப்புக்கும் நடுவில் கிடந்தான். வலது கை முழங்கைக்குக் கீழே இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. அவன் கத்தவில்லை. "அண்ணே, என்னண்ணே ஆச்சு, தூங்கிட்டீங்களா" என்றுதான் கேட்டான்.

மாஸ்டர் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. படகில் நின்றுகொண்டு, அத்தனை வருடங்களில் முதல் தடவையாக, "என்ன சம்பந்தி செஞ்சீங்க?" என்று கேட்டார்.

பாதாளத்துக்கு அந்த மரியாதை அறைந்தமாதிரி இருந்தது.

"எனக்கு மிதி வரல."

"நான் மிதிச்சேன்."

"வரலய்யா."

"சத்தியமா மிதிச்சேன். ரெண்டு தடவை. ஓங்கி மிதிச்சேன். நீங்க தூணை விட்டுட்டு எங்கயோ கண்ணசந்துட்டீங்க. வயசாச்சு, தப்பில்ல. ஆனா இல்லன்னு சொல்லாதீங்க."

மாஸ்டர் பொய் சொல்கிற ஆள் இல்லை, அது அவருக்குத் தெரியும். தாம் தூணை விடவில்லை, அதுவும் தெரியும். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அன்று முழுக்க இடது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்துப்போய்விட்டதோ என்று அடுப்புச் சட்டியைத் தொட்டுப் பார்த்தார். சுரீரென்றது. "என்ன, சட்டி சூடா இருக்கான்னு சோதனையா?" என்று மனைவி கையைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டாள்.

இரண்டு நாள் கழித்து மாஸ்டரே தேடி வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார். "சம்பந்தி, விசாரணை வைக்கறாங்க. கால் விஷயத்தை மூச்சு விடக்கூடாது. சட்டத்தை மீறினதுக்கு ரெண்டு பேரையும் தூக்கிடுவாங்க. மணி அடிச்சேன்னு நான் சொல்றேன். அடிச்சதும் உண்மைதானே. மணி கேட்டுதான்னு உங்களைக் கேப்பாங்க. கேட்டுதுன்னு சொல்லுங்க. பதில் கொஞ்சம் தாமதமா வந்துச்சுன்னு நான் மெதுவா சொல்லிக்கறேன். உங்களுக்கு ஒரு எச்சரிக்கையோட போயிடும். நம்ம பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க."

தூங்கியவரைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில்தான் அவர் பேசினார். அதுதான் பாதாளத்துக்கு இன்னும் வலித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனார். கயிறு சுவரோரக் கட்டிலில் கை கட்டோடு படுத்திருந்தான். வழக்கமான கிண்டலைத் தொடங்கிப் பார்த்தான், பாதியில் நின்றுவிட்டது. "அண்ணே, ஆபீஸ்ல இருந்து வந்தாங்க. நான் அங்க நின்னிருக்கக் கூடாதாம். எங்க நிக்கறதாம்? நான் அங்கதானே எப்பவும் நிப்பேன்? மேல ஒருத்தர், கீழ ஒருத்தர், பார்த்துக்குவீங்கன்னுதானே நின்னேன்" என்றான். பாதாளம் அவன் தலையைத் தடவிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் மகள் வந்தாள். கூட யாரும் இல்லை. வந்ததும் அடுப்படியில் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காய் நறுக்க ஆரம்பித்து, கத்தியை வைத்துவிட்டு அழுதாள்.

"மாமாவுக்குக் கால்ல புண்ணுப்பா. வலது கால், அடியில. சர்க்கரை வியாதி. அவருக்கு அது தெரியவே மாட்டேங்குது. நான்தான் தரையில ரத்தக் கறையைப் பார்த்துட்டுச் சொன்னேன். டாக்டர்கிட்ட போனா கடலுக்கு விடமாட்டாங்க, யார்கிட்டயும் சொல்லாதேம்மான்னார். தினமும் நான்தான் கட்டுப் போடறேன். அன்னைக்குக் காலையில உறுத்தக் கூடாதேன்னு பஞ்சை நிறைய வச்சுக் கட்டினேன். செருப்புக்குள்ள போகவே இல்ல, பெரிய ரப்பர் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிவிட்டேன்."

பாதாளத்தின் இடது கை தானாகச் சுவரைப் பிடித்தது. பஞ்சு. ரப்பர். அதற்கு மேல் உணர்வில்லாத கால். மாஸ்டர் மிதித்துத்தான் இருக்கிறார். ஓங்கி மிதித்ததாக நினைத்து, பஞ்சு மூட்டை விழுந்ததுபோல மிதித்திருக்கிறார். தேய்ப்பை ரப்பர் தூணுக்குக் கொண்டுவந்துவிட்டது, மிதியைப் பஞ்சு விழுங்கிவிட்டது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கப்பா. அந்த வீட்டுல என்னை மகள் மாதிரி வச்சிருக்கார். இது ஒண்ணுதான் அவர் என்கிட்ட கேட்டது."

"சொல்லமாட்டேன்மா" என்றார். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வார்?

அவள் போனபிறகு மனைவி நிதானமாகச் சொன்னாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாங்க. மணி கேட்டுதா? கேட்டுது. அவ்வளவுதான். பொய்யும் இல்ல, பொண்ணு வாழ்க்கைக்கும் ஆபத்தில்ல."

"அவர் மறுபடியும் படகேறுவாரே."

"அது ஆண்டவன் பார்த்துக்குவான்."

"அன்னைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு நின்னேன்" என்றார் அவர்.

விசாரணைக்கு முந்தின நாள் மாஸ்டர் வீட்டுக்குப் போனார். நேரில் கேட்டுவிடலாம், அவரே ஒத்துக்கொண்டால் யார் பேரும் வெளியே வராது என்று எண்ணம். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து காலின்மேல் துண்டைப் போட்டிருந்தார். பேத்தி தரையில் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"உடம்பெல்லாம் எப்படி இருக்கு சம்பந்தி?"

"எனக்கென்ன குறை? கல்லு மாதிரி இருக்கேன். நம்ம படகு சரியாகற வரைக்கும் வேற படகு தராங்களாம். வர்ற வாரமே போறேன்."

"கால் கையெல்லாம்..."

மகள் தேநீர் டம்ளர்களோடு வாசலில் நின்றாள். அப்பாவைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள். பாதாளம் டம்ளரை எடுத்துக்கொண்டார். சூடாக இருக்கிறது என்றார். வேறொன்றும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டார்.

விசாரணை அறையில் நீள மேசை, மின்விசிறி, சுவரில் துறைமுக வரைபடம். விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். மாஸ்டர் தோல் ஷூ போட்டு, விரைப்பாக ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டோடு அந்த ஷூவுக்குள் எப்படிக் காலை நுழைத்தார் என்று பாதாளத்துக்குப் புரியவில்லை. கட்டைப் பிரித்துவிட்டுத்தான் நுழைத்திருக்க வேண்டும்.

"மாஸ்டர் மணி அடிச்சதா சொல்றார். உங்களுக்கு மணி கேட்டுதா?"

"கேட்டுது சார்."

"சரி." அதிகாரி எழுதிக்கொண்டார். பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். மாஸ்டரின் தோள் இறங்கியது. பாதாளம் எழுந்து போய்விடலாம். நாற்காலியைப் பின்னால் தள்ளக்கூடச் செய்தார். அது தரையில் தேய்ந்து கிரீச்சென்றது.

முன்னே போ என்கிற தேய்ப்பு. அவர் கை நின்றது. வேறொரு படகின் அடித்தட்டில் இன்னொரு டிரைவர், இன்னொரு தூணையோ மணியையோ நம்பிக்கொண்டு நிற்பதும், முன்தட்டில் இன்னொரு கயிறு நிற்பதும் அவர் மனக்கண்ணில் தெரிந்தது.

"சார், அது இடிச்ச பிறகு கேட்டுது."

"சம்பந்தி, வேணாம்" என்றார் மாஸ்டர், மெதுவாக.

பாதாளம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தேய்ப்பு, ஒரு மிதி, இரண்டு மிதி, சரியான மணி இருந்தும் தொடாத பெருமை. தப்பு இரண்டு பேருடையது, கயிறு நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றான் என்றார்.

"அப்ப அன்னைக்கு மாஸ்டர் மிதிக்கலையா?"

"மிதிச்சேன்னு சொல்றார் சார். அவர் பொய் சொல்லமாட்டார். நானும் தூணை விடல. அவர் வலது காலைக் கொஞ்சம் பார்த்தீங்கன்னா..."

மாஸ்டர் சம்பந்தியையே பார்த்தார். யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை. முகத்தில் கோபம் வந்தது, போனது. "பாருங்களேன், எனக்கென்ன?" என்று வீம்பாகக் குனிந்து ஷூவைக் கழற்றினார். காலுறை நனைந்திருந்தது. ஷூவைக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஒன்று தரையில் விழுந்து உருண்டது. பேத்தியின் விளையாட்டுக் கட்டை. சிவப்பு நிறம், நாலு மூலையும் கூர்.

வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம், அங்கிருந்து துறைமுக வாசல், படிகள். அத்தனை தூரமும் அதை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். மாஸ்டர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதாளம் தம் உள்ளங்கையைப் பார்த்தது போலவே.

"இது எப்ப உள்ள போச்சு?" என்று கேட்டார். பிறகு பாதாளத்தைப் பார்த்து, "யோவ், எனக்குத் தெரியவே இல்லய்யா" என்றார்.

இரண்டு பேரையும் படகிலிருந்து இறக்கிவிட்டார்கள். பாதாளத்தைக் கரையில் பட்டறையில் போட்டார்கள். அங்கே பெரிய ஜன்னல் இருக்கிறது, கப்பல்கள் வருவதும் போவதும் தெரியும். அவர் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார். கயிறின் கை ஒட்டியது, பலம் ஒட்டவில்லை. வாசல் காவலில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களைக் கிண்டல் செய்கிறான். பாதாளத்தைக் கண்டால் மட்டும் கும்பிட்டுவிட்டு வேறு பக்கம் பார்க்கிறான். மாஸ்டருக்கு இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றிவிட்டோம் என்றார் டாக்டர்.

மாஸ்டர் மருமகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இப்போதும் கட்டுப் போடுகிறவள் அவள்தான். முன்பெல்லாம் கட்டுப் போடும்போது அவர் ஊர்க்கதை பேசுவார். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு காலை நீட்டுகிறார்.

பாதாளம் வாரம் தவறாமல் போகிறார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருகிறார்கள். மாஸ்டரின் பேச்சு எப்போதும் அதே இடத்துக்கு வருகிறது.

"நான் மிதிச்சேன்ல?"

"மிதிச்ச."

"ஓங்கித்தானே மிதிச்சேன்."

"ஓங்கித்தான்யா மிதிச்ச. எனக்குத்தான் வந்து சேரல."

வீட்டுக்குள்ளேயே வாய்யா போய்யா வந்துவிட்டதை இப்போது யாரும் கண்டிப்பதில்லை.

போன முறை அவர் கிளம்பும்போது மகள் வாசல் வரைக்கும் வந்தாள். செருப்பை எடுத்து வைத்தாள். தலை நிமிராமலே, "சொல்லமாட்டேன்னு சொன்னீங்களேப்பா" என்றாள்.

"உன் பேரைச் சொல்லலையேம்மா."

உள்ளே மாஸ்டர் கூப்பிட்டார், போய்விட்டாள். பாதாளம் படியில் கொஞ்ச நேரம் நின்றார். வீட்டுக்குள் ஊன்றுகோலும் காலுமாக மாஸ்டர் எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. அவர் இடது கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு மிதி வந்தது. இன்னொன்றுக்காக அவர் காத்துக்கொண்டே நின்றார்.